உப்பு இல்லாத வீடு

கடற்பாசியை மூன்றாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தார் ஃபாக்ட்னா. முதல் தண்ணீரில் மணல் போயிற்று. இரண்டாவதில் கடல் வாடை போயிற்று. மூன்றாவது எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கடலில் கிடந்த சரக்கு, ஏதாவது ஒரு இணுக்கில் உப்பு ஒளிந்துகொண்டிருக்கும் என்ற பயம்தான். ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் குழாயை மறுபடியும் திறந்தார்.

அடுப்பில் பார்லி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உருளைக்கிழங்கு. மேஜையில் பனி விழுந்து இனித்துப்போன சுருட்டைக் கீரை ஒரு கட்டு, ஆடை எடுத்த பால் ஒரு புட்டி, காலையில் துறைமுகத்தில் வாங்கிய பச்சை மீன் ஒரு துண்டு. எழுபத்துநான்கு வயதில் ஒரு மனுஷன் தனியாக நின்று விருந்து சமைக்கிறார் என்றால் ஊரே சிரிக்கும். ஆனால் இன்றைக்கு மட்டும் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். இன்றைக்கு ஜனவரி ஆறு, பெண்கள் கிறிஸ்துமஸ். பியாராக் கரையோரம் முழுக்க இன்றைக்கு எந்தப் பெண்ணும் அடுப்பைத் தொடமாட்டாள். ஆண்கள் சமைத்துப் பாத்திரம் கழுவ வேண்டும். பெண்கள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு ஓட்டலுக்குப் போய் இருட்டும்வரை ஊர்க்கதை பேசிவிட்டு வருவார்கள்.

கல்யாணமான நாற்பத்தாறு வருஷத்தில் ஃபாக்ட்னா வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், இந்த நாளில் மட்டும்தான் கரண்டி பிடித்திருந்தார். ஒரு வருஷம் வாத்தைத் தீயவைத்து சன்னல் திரை வரைக்கும் கரியாக்கினார். இன்னொரு வருஷம் பேக்கிங் சோடாவுக்குப் பதில் வேறெதையோ போட்டுச் சுட்ட ரொட்டியை நாய்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதை அவர் மனைவி அபைனா ஓட்டலில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அவளுடைய இதயம் வேலைநிறுத்தம் செய்ய ஆரம்பித்தபிறகுதான், இந்த இரண்டு வருஷமாக, அவர் தினமும் சமைக்கிறார்.

ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. மருத்துவமனையில் கொடுத்தது. 'பண்டிகையிலும் இதயத்துக்கு இதமாக: நம் மரபு விருந்து, நலமான முறையில்' என்று தலைப்பு. லீக் வெங்காயத் தண்டு போட்ட பார்லி சூப். வெண்ணெய் சேர்க்காத கால்கேனன், அதாவது கீரையும் கிழங்கும் மசித்தது. ஆவியில் வெந்த மீன். கடற்பாசிப் புட்டிங். அடியில் சிவப்புக் கட்டம் கட்டி, உப்பு வேண்டாம் என்று போட்டிருந்தது. ஓரத்தில் ஏப்ரன் கட்டிய ஒருத்தி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அபைனாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உப்பு போட்டுத் திங்கிறவ. சிரிப்பிலயே தெரியுது" என்பாள்.

அந்தத் தாளில் இப்போது தேயிலைக் கறை இருந்தது. நேற்றுச் சாயங்காலம் வந்த நர்ஸ் அபைனாவின் காலை அமுக்கிப் பார்த்தாள், மூச்சைக் கேட்டாள், போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு சமையலறைக்கு வந்து தாளைக் கதவிலிருந்து எடுத்து இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"இனிமே இது வேண்டாம் ஃபாக்ட்னா. அவங்க என்ன கேட்டாலும் குடுங்க" என்றாள்.

எப்போதும் அதட்டிப் பேசுகிறவள். நேற்று அவள் குரல் அத்தனை மெதுவாக வந்தது. அர்த்தம் புரியாத ஆள் இல்லை அவர். அவளுடைய கார் மேட்டைத் தாண்டும்வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து கூடையைக் கிளறித் தாளை எடுத்து, ஈரத் தேயிலையைத் துடைத்து, பழைய இடத்திலேயே ஒட்டினார். தாள் கதவில் இருக்கிறவரைக்கும் அபைனா வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிற நோயாளி. எடுத்துவிட்டால் வேறு.

அது மட்டுமல்ல. அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸிலிருந்து இன்றோடு பன்னிரண்டு நாள். இந்தப் பன்னிரண்டு நாளும் சொர்க்கத்தின் கதவு திறந்தே இருக்கும், போகிறவர்களைக் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அபைனா அதை நம்புகிறவள். அவர் நம்பாதவர். ஆனால் நேற்றிலிருந்து அவரும் நம்பினார். இன்று ஒரு நாளை எப்படியாவது தாண்டவைத்துவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள், அவளும் வேறு வழியில்லாமல் இங்கேயே இருந்துவிடுவாள். தாண்டவைப்பதற்கு உடம்பில் தெம்பு வேண்டும், தெம்புக்குச் சாப்பாடு வேண்டும். நான்கு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றைக்குச் சாப்பிடவைத்தே தீருவது என்று விடியற்காலையிலேயே அடுப்பை மூட்டியிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அடுத்த வீட்டு ஹானி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சிவப்புக் கோட்டு, காதில் தொங்கல், வாயில் அரை அங்குலச் சாயம்.

"என்ன வாசனை இது, துணி வேக வைக்கிறியா?"

"சூப்."

"சரிதான். மூணு மணிக்குக் கார் வருது. அதுக்கு முன்னாடி இவளை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன். உனக்குக் கூடமாட ஏதாவது செய்யணுமா?"

"இன்னிக்கு நீ அடுப்பைத் தொடக்கூடாது ஹானி. போய் அவகிட்ட பேசு. அவளைச் சாப்பிடச் சொல்லு."

ஹானி படுக்கையறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தாள். முணுமுணுப்பு கேட்டது. பிறகு அபைனாவின் சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. கிழங்கை மசித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திக் காதைத் தீட்டினார். ஒரு வாரமாக அவள் அவரிடம் அப்படிச் சிரிக்கவில்லை. ஹானி வெளியே வந்தபோது கண்மை கலைந்திருந்தது.

"என்ன சொன்னா?"

"பொம்பளைங்க பேச்சு. உனக்கெதுக்கு?" மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் தோளைத் தட்டினாள். "பொண்ணு ரியோனாவை வரச் சொல்லிட்டியா?"

"மத்தியானம் கிளம்பறா. கார்க்லேருந்து மூணு மணி நேரம்தான். விருந்துக்குத்தான் வரா."

"ஆமா" என்றாள் ஹானி. "விருந்துக்குத்தான்."

அவள் போனபிறகு அடுப்புக்குக் கரி எடுக்க ஃபாக்ட்னா கொட்டகைக்குப் போனார். கரியை வாளியில் அள்ளினார். அள்ளி முடித்தபின்பும் திரும்பாமல் நின்றார். மூலையில் ஆணியில் கருவாடு தொங்கிக்கொண்டிருந்தது. லிங் மீன், ஆள் கை நீளம், பலகை போல விறைத்து, மேலெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இந்தக் கரையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதை ஊறவைத்து வேகவைத்து வெள்ளைச் சாஸ் ஊற்றிச் சாப்பிடாத வீடு கிடையாது. வருஷா வருஷம் வாங்குகிற பழக்கத்தில் இந்த வருஷமும் வாங்கிவிட்டார். வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோகவில்லை.

கை தானாகப் போய் ஓரத்தில் ஒரு நாரைக் கிழித்தது. வாயில் போட்டு மென்றார். உப்பு நாக்கில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. அவளோடு மேஜையில் உட்கார்ந்து அதே உப்பில்லாத சோற்றை, நன்றாயிருக்கிறதென்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார். பிறகு கரி எடுக்கிறேன் என்று இங்கே வந்துவிடுவார். அந்த வீட்டு அடுப்புக்கு இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கரி குறைந்ததில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு, தன்னையே திட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கினார்.

தலையணையை முதுகுக்குக் கொடுத்து அபைனாவை நிமிர்த்தி உட்காரவைத்தார். ஒன்றுமே கனம் இல்லை. கால் மட்டும் வீங்கிப் போர்வைக்கு அடியில் மேடாகத் தெரிந்தது. தட்டைத் தூக்கிக் காண்பித்தார். பச்சைக் கீரை ஓடிய வெள்ளை மசியல், நடுவில் குழி. அந்தக் குழியில்தான் வெண்ணெய் உருக வேண்டும். அவர் அதில் பால் ஊற்றியிருந்தார்.

அபைனா ஒரு வாய் வாங்கினாள். வாயில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"சுவத்துக்குப் பூசற சாந்தா இது?"

"கால்கேனன். பனி பட்ட கீரை. நல்லா மசிச்சிருக்கேன்."

"வெண்ணெய்?"

"பால் ஊத்தியிருக்கேன்ல."

"உப்பு?"

அவர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நர்ஸ் நேத்து என்ன சொல்லிட்டுப் போனா?" என்றாள் அபைனா. "எனக்குக் கால்தான் வரல ஃபாக்ட்னா. காது நல்லாக் கேக்குது."

"அவளுக்கு என்ன தெரியும்? சின்னப் பொண்ணு."

"எனக்குக் கருவாடு வேணும். சாஸ் ஊத்தி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேட்டேன், கண்டுக்கல. நேத்துக் கேட்டேன், சன்னலைப் பாத்தே. இப்பவும் கேக்கறேன்."

"அது ஒண்ணரை நாள் ஊறணும் அபி. நாலு தரம் தண்ணி மாத்தணும். இப்பப் போட்டா நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்."

சொல்லும்போதே அவருக்கு ஒரு பொறி தட்டியது. நாளைக்குச் சாயங்காலம். சொர்க்கத்தின் கதவு சாத்தி ஒரு பகல் முழுக்க ஆகியிருக்கும். ஊறி ஊறி மீனிலும் உப்பு போயிருக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குத் தரேன் அபி. சத்தியமாத் தரேன். நீ மட்டும் நாளைக்கு வரைக்கும் இரு."

"நாளைக்கா" என்றாள் அவள். கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் வாங்கினாள். "அப்போ ஒரு கல்லு உப்பு குடு. நாக்குல வெச்சுக்கறேன். முழுங்கக்கூட மாட்டேன். துப்பிடறேன்."

"வீட்டுல உப்பு ஏது? நான்தான் எல்லாத்தையும் கொட்டிட்டேனே."

"கொட்டகையில இருக்கே."

அவர் கை மீசைக்குப் போயிற்று.

"ரெண்டு வருஷமா உன் மீசையில கருவாட்டு வாடை அடிக்குது. நான் என்ன மூக்கு செத்தவளா? கரி எடுக்கப் போறானாம், கரி." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். "போகட்டும்னுதான் விட்டேன். உனக்காவது வாய் ருசியா இருக்கட்டும்னு."

மன்னிப்புக் கேட்கலாம். எழுந்துபோய் ஒரு கல் உப்பைக் கொண்டுவந்து கொடுக்கலாம். பத்தடி தூரம்தான். ஆனால் கொடுத்துவிட்டால் நர்ஸ் சொன்னதற்கு அவரும் கையெழுத்துப் போட்டதாகிவிடும். அவரால் அது முடியவில்லை. இரண்டு வருஷமாக ஒரு சிட்டிகை விடாமல் காவல் காத்தது இந்த ஒரு மத்தியானத்தில் தோற்பதற்கா? எழுந்துபோய்ப் புட்டிங் கிண்ணத்தை எடுத்துவந்தார். கட்டியில்லாமல் உறைந்து, வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தது.

"இதுல மூணு கரண்டி. மூணே மூணு. நெஞ்சுக்கு நல்லது. நீ சாப்பிட்டா நான் இப்பவே போய்க் கருவாட்டை எடுத்து ஊறப் போடறேன். உன் கண் முன்னாடியே கொண்டுவந்து காட்டிட்டுப் போடறேன். எனக்காக அபி."

அவர் கெஞ்சுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகு வாயைத் திறந்தாள்.

முதல் கரண்டி. விழுங்க வெகு நேரம் ஆயிற்று. இரண்டாவது கரண்டி. அவர் ஓரத்தில் வழிந்ததை விரலால் வழித்துவிட்டார். மூன்றாவதை வாங்கிக்கொண்டு கண்ணை மூடினாள். போ என்று கையை மட்டும் ஆட்டினாள்.

ஃபாக்ட்னா சமையலறை வழியாக ஓடினார் என்றே சொல்ல வேண்டும். அந்த முழங்காலோடு எப்படி ஓடினாரோ. ஆணியிலிருந்து கருவாட்டைக் கழற்றும்போது பையில் போன் அடித்தது. ரியோனா.

"அப்பா, பாண்ட்ரி ஊரைத் தாண்டிட்டேன். அம்மா எப்படி இருக்காங்க?"

"மூணு கரண்டி சாப்பிட்டா" என்றார். "புட்டிங். மூணு கரண்டி. நாலு நாளைக்கப்புறம். நான் சொல்லல? நீ மெதுவா வா. மழையா இருக்கும். அவ நாளைக்குக் கருவாடு கேக்கறா, நீ இருந்து சாஸ் வெச்சுக் குடுத்துட்டுப் போ."

"சரிப்பா" என்றாள் ரியோனா. "நீங்க அம்மா பக்கத்துலயே இருங்க."

இரண்டு கையாலும் கருவாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்குள் நுழைந்தார். "பாரு, எடுத்துட்டேன். பாத்துக்கோ. இப்பப் போடறேன் தண்ணியில" என்றார்.

அபைனா கண்ணைத் திறக்கவில்லை. தலை லேசாகச் சன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே நாக்கின் மேல் மூன்றாவது கரண்டிப் புட்டிங் வைத்தது வைத்தபடி வெள்ளையாக இருந்தது.

அவர் கருவாட்டோடு நின்றார். பிறகு அதை நாற்காலியில் சாய்த்துவைத்துவிட்டு, கைக்குட்டையை விரலில் சுற்றி அவள் வாயைத் துடைத்தார். எல்லாம் வரும்வரை பொறுமையாக, கன்னத்தின் உள்பக்கம் வரைக்கும் துடைத்தார்.

"முழுங்கியிருக்கலாமே அபி" என்றார். "இவ்வளவு தூரம் வந்துட்டு."

அவள் கன்னத்தைத் தட்டினார். தோளைப் பிடித்து உலுக்கினார். சொர்க்கத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது, வெளிச்சம்கூடப் போகவில்லை, இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி, என்ன அவசரம் என்று என்னென்னவோ சொன்னார். அவள் காலருகில் தரையில் உட்கார்ந்து வீங்கிய பாதத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்படி அழ அவருக்குத் தெரியும் என்று அவருக்கே தெரியாது.

மூன்று மணிக்கு வெளியே கார் ஹாரன் அடித்தது. ஹானி, போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல எட்டிப் பார்த்தவள், வாசற்படியிலேயே நின்றாள். திரும்பிப்போய்க் காரில் இருந்தவர்களிடம், "நீங்க போங்கடி. நான் வரல" என்றாள். கார் போகவில்லை. எஞ்சின்தான் நின்றது.

ஹானி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். உதட்டுச் சாயத்தைப் புறங்கையால் துடைத்தாள். உயிர் வெளியே போகச் சன்னலைத் திறந்துவிட்டு, ஃபாக்ட்னாவை அந்த வழியில் நிற்காமல் நகர்த்தினாள். சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தினாள். கண்ணாடியைத் திருப்பிவைத்தாள். வெந்நீர் கொண்டுவந்து அபைனாவைத் துடைத்து, தலைவாரி, நீலச் சட்டையை மாட்டி, கைகளில் ஜெபமாலையைச் சுற்றினாள். நாற்காலியில் கிடந்த கருவாட்டைப் பார்த்தாள். ஃபாக்ட்னா அவள் சொன்னதைச் செய்துகொண்டு நின்றார்.

"ஒரு சின்னத் தட்டு எடுத்துட்டு வா" என்றாள் கடைசியில். "அதுல கொஞ்சம் உப்பு."

அவர் அவளைப் பார்த்தார்.

"நெஞ்சு மேல வைக்க. உங்க அம்மாவுக்கு வைக்கலியா, என் மாமியாருக்கு வைக்கலியா?" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அடக் கடவுளே. இந்த வீட்டுல உப்பு கிடையாதே. சரி, இரு, நான் ஓடிப்போய் எங்க வீட்டுலேருந்து எடுத்துட்டு வரேன்."

"இப்பல்லாம் யாரு வைக்கறா ஹானி? விட்டுடு."

"அவ கேட்டா."

"எப்போ?"

"மத்தியானம்தான். நான் வந்தேன்ல, அப்போ." ஹானி போர்வையின் மடிப்பை நீவினாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் முகம் தத்தளித்தது. "மறக்காம உப்புத் தட்டு வைக்கணும் ஹானி, அதுவும் உன் கையால வேண்டாம், ஃபாக்ட்னாவையே வைக்கச் சொல்லு, அன்னிக்காவது அவன் எனக்கு உப்பு போடட்டும்னா. சொல்லிட்டு ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன்."

ஃபாக்ட்னா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் போய் எடுத்துட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷம்" என்றாள் ஹானி.

"வேண்டாம். வீட்டுல இருக்கு."

நீல விளிம்பு வைத்த தேநீர்த் தட்டு ஒன்றை எடுத்துவந்தார். கருவாட்டை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாக்கத்தியை விரித்து, மேலே பூத்திருந்த உப்பைச் சுரண்ட ஆரம்பித்தார். பழுப்பேறிய உப்பு, கூடவே மீனின் நார் இரண்டொன்றும் தட்டில் விழுந்தது. அவர் நாரைப் பொறுக்கி எறிந்தார். அவர் கிழித்துத் தின்ற ஓரம் பல்லுப் பல்லாகத் தெரிந்தது. அதைக் கையால் மறைத்தபடி மறுபக்கம் திருப்பிச் சுரண்டினார். ஹானி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கெண்டியில் தண்ணீர் வைக்கிறேன், ஆட்கள் வருவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனாள்.

தட்டில் ஒரு குவியல் சேர்ந்தது. எழுந்து, இரண்டு கையாலும் அதை ஏந்திப்போய் அவள் நெஞ்சின் மேல், மாலை சுற்றிய கைகளுக்குச் சற்று மேலே வைத்தார். கோணலாக இருந்ததைச் சரி செய்தார். பிறகு குவியலிலிருந்து ஒரே ஒரு கல்லை எடுத்து அவள் கீழுதட்டில் வைத்து விரலால் மெல்ல அழுத்தினார்.

சமையலறையில் பாத்திரங்கள் நகர்ந்தன.

"இந்தக் கால்கேனன் அப்படியே இருக்கே ஃபாக்ட்னா" என்று ஹானியின் குரல் வந்தது. "மூடி வைக்கவா, கோழிக்குப் போடவா?"

"இருக்கட்டும்" என்றார். "அதுக்கு இன்னும் உப்பு போடல."

வெளியே ஒரு கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, ரியோனாவாக இருக்கும். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். உதட்டின் மேல் அந்தக் கல் கரையாமல் அப்படியே இருந்தது.